பிளந்த கட்டை வெடிக்காது

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதக் காலை. முந்தைய நாள் மாலை அடித்த காற்றில் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துவிட்டது. இரவோடு இரவாக அதை அறுத்துச் சாலையோரம் ஒதுக்கியிருந்தார்கள். ஆறரை மணிக்கெல்லாம் நான் காருடன் போய் நின்றேன். அறுத்தவர்களின் மேஸ்திரி அங்கேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். லாரி பத்து மணிக்குத்தான் வரும், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓரடி விட்டம், ஓரடி நீளம் கொண்ட ஆறு உருளைத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றும் இருபது கிலோ அளவுக்குக் கனத்தது. வெட்டுமுகம் நனைந்து பளபளத்தது. வெளியே வெண்மஞ்சளாக வெளிறு, உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில் வைரம். இதை வைத்து என் கடைசல் எந்திரத்தில் பன்னிரண்டு கிண்ணங்கள் கடையலாம் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

ஆறாவது துண்டை ஏற்றும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறீர்களா அம்மா?" ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண். இடுப்பில் சொருகிய அரிவாள், தோளில் மடித்துப் போட்ட சாக்கு, கையில் கயிறு. "யாருக்கும் வேண்டாம் என்றுதானே கிடக்கிறது" என்றேன். அவர் என்னையும் காரையும் ஒருமுறை பார்த்தார். "எனக்கு வேண்டும்" என்றார். சண்டை போடவில்லை, கொடு என்று கேட்கவுமில்லை. கிளைகள் குவிந்து கிடந்த பக்கம் போய்க் குனிந்து சிறு கிளைகளை வெட்டத் தொடங்கினார். நான் கார்க் கதவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படி வந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஒரு துண்டையாவது இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கலாம். அதைவிட மோசமானது பின்னால் நடந்தது. அந்த ஆறு துண்டுகளையும் மாடிப்படிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் அடுக்கினேன். வெட்டுமுகங்களில் இரண்டு கை பெயின்ட் அடித்தேன். மரத்தை அவசரப்படுத்தாதே, ஆறு மாதமாவது ஆறப்போடு என்று கடைசல் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாடத்தை அப்படியே பின்பற்றினேன். நவம்பரில் வெளியே எடுத்துப் பார்த்தால், ஆறிலும் நடுவிலிருந்து பட்டைவரை ஒரு வெடிப்பு. பென்சில் நுழையும் அகலம். பட்டைக்கு அடியில் வெள்ளைப் பொடி வேறு உதிர்ந்தது. வெளிற்றை உளு என்னும் மரம் துளைக்கும் வண்டு தின்னத் தொடங்கியிருந்தது. எடுத்துவந்த மரம் அந்தப் பெண்ணின் அடுப்பிலும் எரியவில்லை, என் எந்திரத்திலும் சுழலவில்லை.

மரம் இலவசமாகக் கிடைக்கிறது என்று இப்போது யார் சொன்னாலும் எனக்கு அந்த மாடிப்படியின் அடிப்பக்கம்தான் நினைவுக்கு வரும்.

பச்சை மரம் எதற்கு

எங்கள் வீட்டில் அம்மாச்சியின் காலத்து மரவை, அதாவது உப்பு போட்டுவைக்கும் மரக்கிண்ணம், ஒன்று இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்தபோது கொண்டுவந்தது. மழைக்காலத்தில் கல்லுப்பு மற்றப் பாத்திரங்களில் கசிந்து நீர்விடும். மரவையில் அவ்வளவாக விடாது. கசியும் நீரை மரம் குடித்துக்கொண்டு, காற்று உலர்ந்ததும் வெளியே விட்டுவிடும். அது எந்த மரம் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்றைக் கடைய வேண்டும் என்ற ஆசையில்தான் நாற்பத்திரண்டாம் வயதில் ஒரு சிறிய கடைசல் எந்திரம் வாங்கி மொட்டை மாடி அறையில் வைத்தேன்.

மரவாடிக்குப் போனபோதுதான் சிக்கல் புரிந்தது. அங்கே விற்பது பலகையும் சட்டமும். ஒரு நல்ல கிண்ணத்துக்கு நான்கு அங்குலக் கனமுள்ள, பத்து அங்குல அகலமுள்ள கட்டை வேண்டும். அவ்வளவு கனத்தில் நன்றாகக் காய்ந்த மரம் கிடைப்பது அரிது. ஓர் அங்குலக் கனம் காற்றில் காய ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. நான்கு அங்குலத்துக்கு நான்கு ஆண்டு மரத்தைக் கிடத்திவைக்க எந்த வியாபாரிக்கு இடம் இருக்கிறது? ஆகவே கிண்ணம் கடைபவர்கள் விழுந்த மரத்தைத் தேடிப் போகிறோம். தண்ணீர் சொட்டும் பச்சை மரத்தை உளி வெண்ணெய்போலச் சீவும் என்பது கூடுதல் இன்பம்.

இந்த விஷயத்தில் பெங்களூர் கொடுத்துவைத்த ஊர். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடியோடு வரும் காற்றுக்கு ஒவ்வொரு முறையும் எங்கோ மரம் சாயும். நடைபாதை போடவும் வடிகால் தோண்டவும் வேரை வெட்டிவிட்டால், தலை கனத்த மரம் எத்தனை நாள் நிற்கும்? விழுபவை பெரும்பாலும் வெளிநாட்டு மரங்கள். லால்பாக் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த ஜெர்மானியத் தோட்டக்கலை அறிஞர் குஸ்டாவ் கிரும்பிகல், ஒன்று பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி இந்த நகரின் சாலைகளுக்கு மரங்களைத் திட்டமிட்டார். மடகாஸ்கரின் செம்மயிற்கொன்றை, தென் அமெரிக்காவின் ஜகரண்டா, தூங்குமூஞ்சி, ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் எல்லாம் இங்கே வீட்டு மரங்கள் ஆகிவிட்டன. எந்தத் தெருவில் எந்த மரம் நிற்கிறது என்பது எனக்கு இப்போது மனப்பாடம். அதிகம் விழுவது செம்மயிற்கொன்றை. பார்க்கப் பெரியதாக இருக்கும். ஆனால் மென்மையான மரம், விரைவில் உளுக்கும், நான் அதைத் தொடுவதில்லை. சில்வர் ஓக்கை ஆரவாக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்தால் முகத்தில் சரிகைபோன்ற பூவேலை தெரியும். ஆனால் அதன் பச்சைத் தூள் பட்டு என் இரண்டு மணிக்கட்டும் ஒரு வாரம் தடித்துச் சிவந்திருந்தன. முழுக்கைச் சட்டையும் முகமூடியும் இல்லாமல் அதன் அருகே போகக் கூடாது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த வளாகத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் மர அலுவலரின் அனுமதி வேண்டும். சாலையில் விழுந்தது மாநகராட்சியின் உடைமை. நான் அறுக்கும் குழுவின் பொறுப்பாளரிடம் கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. வீட்டு வளாகம் என்றால் உரிமையாளரிடம் கேட்பேன். சந்தனமோ ஈட்டியோ விழுந்து கிடந்தால் அதைத் தொடுவதே இல்லை. இதையெல்லாம் அந்த மே மாதக் காலையிலும் சரியாகத்தான் செய்திருந்தேன். மேஸ்திரியின் அனுமதி என் கையில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வளையல் அறுவது

மறுபடி அவரைப் பார்த்தது டிசம்பரில். ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு சந்தில், காலை நேரத்து இட்லிக் கடை. சுவரை ஒட்டி மண் பூசிய விறகடுப்பு, மேலே இட்லிக் கொப்பரை. நான் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டேன்; அவரும் என்னை. நான்கு இட்லி கேட்டேன். தட்டைக் கொடுத்துக்கொண்டே, "அந்தக் கட்டைகள் என்ன ஆயின?" என்றார்.

உண்மையைச் சொன்னேன். ஆறும் வெடித்துவிட்டன, ஒன்றும் உதவவில்லை என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவருக்கு வருத்தமோ கோபமோ வந்ததாகத் தெரியவில்லை, வியப்புதான் வந்தது. "முழுதாகவா வைத்தீர்கள்? முழுக்கட்டை வெடிக்காமல் என்ன செய்யும்? பிளந்து போட வேண்டும். பிளந்த கட்டை வெடிக்காது" என்றார். கடைக்குப் பின்னால் அழைத்துப்போய்க் காட்டினார். தகரக் கூரைக்குக் கீழே ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தார். இரண்டாகவும் நான்காகவும் கோடரியால் பிளந்தவை. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். வெட்டுமுகத்தில் மயிரிழைக் கீறல்கள் இருந்தன. ஆழமான வெடிப்பு ஒன்றிலும் இல்லை. அடுக்கின் ஓரத்தில், பிளக்காமல் விட்ட ஓர் உருளை மட்டும் என் மாடிப்படிக் கட்டைகளைப் போலவே வாய் பிளந்து கிடந்தது.

மரம் காயும்போது எப்படிச் சுருங்குகிறது என்பதை நான் படித்திருந்தேன். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்களின் குழிக்குள்ளும், செல்களின் சுவருக்குள்ளும். முதலில் குழிக்குள் உள்ள தண்ணீர் போகும். அதுவரை மரத்தின் உருவம் மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு வந்ததும் சுவரில் உள்ள தண்ணீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீளவாக்கில் மரம் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரவாக்கில் ஓரளவு சுருங்கும். வளர்ச்சி வளையங்களின் சுற்றுவாக்கில் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். இதெல்லாம் எனக்கு எண்களாகத் தெரிந்திருந்தது. அந்த விறகு அடுக்கின் முன்னால் நிற்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வளையமும் ஒரு வளையல். வளையலின் சுற்றளவு குறைந்தே ஆக வேண்டும், உள்ளே இருக்கும் மணிக்கட்டோ அந்த அளவுக்கு மெலிய மறுக்கிறது. வளையல் எங்காவது அறுந்துதான் தீரும். எல்லா வளையங்களும் ஒரே கோட்டில் அறுவதுதான் நடுவிலிருந்து பட்டைக்கு ஓடும் அந்த வெடிப்பு. கோடரி செய்வது, எல்லா வளையல்களையும் முன்கூட்டியே அறுத்துவிடுவது. அதன்பின் மரம் இழுபடாமல் தன் விருப்பம்போலச் சுருங்கிக்கொள்கிறது. தட்டையாக இருந்த பிளவு முகம் கொஞ்சம் புடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அதிலும் நான் வெடிக்கவிட்டது தூங்குமூஞ்சி. மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகச் சுருங்கும் மரம் அது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மங்கிபாட் என்று அழைத்து, பச்சையாகவே கிண்ணமும் தட்டும் கடைந்து விற்றிருக்கிறார்கள். அவ்வளவு சாதுவான மரத்தையும் நடுச்சோற்றோடு, அதாவது மையத்தில் உள்ள மென்மையான தண்டோடு, முழுதாக அடைத்துவைத்தால் வெடிக்கிறது. பெயின்ட் பூச்சு வெடிப்பைத் தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்கவில்லை. ஆறப்போடு என்று வகுப்பில் சொன்னது பலகைக்குப் பொருந்தும். பலகை என்பது ஏற்கெனவே வளையல் அறுந்த மரம். கிண்ணத்துக்கான உருளைக்கு அந்த அறிவுரை நஞ்சு என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

வெடித்த ஆறு துண்டுகளையும் மறுநாளே அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வெடிப்புக் கோட்டில் கோடரியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார், இரண்டாக விழுந்தது. "இதற்குப் பாதி வேலையை மரமே செய்து வைத்திருக்கிறது" என்றார்.

அதன்பிறகு என் முறையே மாறிவிட்டது. மரம் கிடைத்த அன்றே, முடிந்தால் அந்த இடத்திலேயே, உருளையை நீளவாக்கில் நடுச்சோற்றின் இருபுறமும் அறுத்து, நடுவில் ஓர் அங்குலப் பலகையாக அந்தச் சோற்றுப் பகுதியை எடுத்துவிடுகிறேன். இரண்டு பாதிகள் மிஞ்சும். பாதிக்கு ஒரு கிண்ணம். பட்டையையும் அன்றே உரித்துவிட வேண்டும், உளு முட்டையிடுவதும் பூஞ்சை பிடிப்பதும் அதன் அடியில்தான். அன்று கடைய நேரம் இல்லையென்றால் மாடியில் உள்ள மூடி போட்ட தண்ணீர் டிரம்மில் அமிழ்த்திவிடுவேன். தண்ணீருக்குள் கிடக்கும் மரம் காயாது, ஆகவே வெடிக்காது. மூடி மிகவும் முக்கியம். டெங்கு கொசு வளர இந்த ஊரில் ஒரு டிரம் போதும்.

பிறகு முதல் கடைசல். பச்சைக் கட்டை சுழலும்போது நீர் தெறித்துச் சுவரில் நெடுக ஒரு கோடு விழும். கிண்ணத்தின் உருவத்தைக் கொண்டுவந்து, சுவரை மட்டும் தடிமனாக விட்டுவிட வேண்டும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலச் சுவர். நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டிய நான்கு அங்குலக் கட்டை, இப்போது நாலாபுறமும் ஓர் அங்குலக் கனம் மட்டுமே கொண்ட ஓடாகிவிடுகிறது. நீர் வெளியேறக் கடக்க வேண்டிய தூரம் குறைந்துவிட்டது. ஓட்டுக்கு வளைந்து கொடுக்கவும் இடம் இருக்கிறது. வட்டமாகக் கடைந்தது காய்ந்து முடிந்ததும் நீள்வட்டமாகிவிடும். மறுபடி எந்திரத்தில் பூட்டி வட்டமாக்கி, சுவரை மெலிதாக்குவது இரண்டாம் கடைசல். தடிமனாக விட்டது அதற்காகத்தான்.

இந்த இரண்டு கடைசலுக்கும் இடையில் உள்ள மாதங்கள்தான் உண்மையான வேலை. நார்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுகம் வழியாக நீர் மற்றப் பக்கங்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெளியேறும். கிண்ணத்தில் எதிரெதிராக அப்படி வாய் திறந்திருக்கும் இரண்டு இடங்களில் மட்டும் உருக்கிய மெழுகைத் தடவுகிறேன். எந்த மாதத்தில் கடைந்தது என்பதைப் பொறுத்து மீதி மாறும். மார்ச் மாதக் காற்று கொடுமையானது. ஜன்னல் ஓரம் மறந்து வைத்த ஒரு கிண்ணம் ஒரே பிற்பகலில் விளிம்பில் வெடித்தது. அந்த மாதங்களில் கிண்ணத்தை அதன் சீவலோடு தாள் பையில் போட்டுக் கட்டி வைப்பேன். ஜூன் முதல் அதே பைக்குள் பூஞ்சை பச்சை படரும். ஆகவே மழைக்காலத்தில் திறந்த அலமாரியில், ஒன்றோடொன்று ஒட்டாமல், கவிழ்த்து வைக்கிறேன். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுகிறேன். முதல் முறை வெடிக்காமல் தப்பிய தூங்குமூஞ்சிக் கிண்ணம் 1,620 கிராமில் தொடங்கியது. முதல் வாரத்தில் 190 கிராம் போனது, இரண்டாம் வாரத்தில் 110. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, ஜூலையில் ஓயாத மழை பெய்த ஒரு வாரம் 6 கிராம் கூடவும் செய்தது. பதினான்காம் வாரம் 1,090 கிராமில் நின்றுவிட்டது. ஒற்றைக் கிண்ணத்திலிருந்து அரை லிட்டருக்கும் மேல் தண்ணீர், ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் அந்த அறையின் காற்றில் கலந்திருக்கிறது. குறுக்கே அளந்தால் நீளவாக்கைவிட 5 மில்லிமீட்டர் குறைவு. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டில் இருந்தால் மரம் 12 விழுக்காடு ஈரத்தில் நிலைகொள்ளும். அதற்குக் கீழே இழுக்க நான் முயல்வதில்லை. நம் வீட்டுக் காற்றில் இருக்கப்போகும் கிண்ணம் அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும்.

கவை

இவ்வளவு தெரிந்த பின்னும் அந்த முதல் காலை என்னை விடவில்லை. வெடிக்காமல் காயவைக்கத் தெரிந்துவிட்டால் எடுத்தது நியாயமாகிவிடுமா? விழுந்த மரத்தைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நான் அதன்பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். வெந்நீர் போட விறகு தேடுபவர்கள், ஆடு வளர்ப்பவர்கள் தழைக்காக, மொத்தமாக ஏலம் எடுப்பவர்கள், இப்போது பட்டையோடு கூடிய மேசைப் பலகைக்காக வண்டியோடு வருபவர்கள். இதில் முதலில் போய்ச் சேர்வது காரும் செல்பேசியும் உள்ளவர்கள். நான் போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான்.

வழி ஒன்று எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அந்த இட்லிக் கடை அக்கா ஒரு கட்டையை உருட்டிவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவை. ஆப்பு அடித்தும் பிளக்கவில்லை. கோடரி கடித்துக்கொண்டு வெளியே வரவில்லை. கவையில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும், பிளப்பதற்கு ஒரே திசை கிடையாது. விறகுக்காரர்கள் அதைக் கண்டாலே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அந்தப் பின்னலை நடுவில் சரியாக அறுத்தால் மயிலிறகு விரித்ததுபோல ரேகை தெரியும். கடைசல்காரர்கள் மரத்தில் முதலில் தேடுவதே அதைத்தான். "அக்கா, இதை எனக்குக் கொடுப்பீர்களா?" என்றேன். "இதையா? இதைத் தூக்கிப்போடத்தான் ஆள் தேடுகிறேன் கண்ணு" என்றார். அம்மா என்று அழைத்தவர் கண்ணு என்று அழைத்தது அன்றுதான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. மரம் விழுந்த செய்தி எனக்கு வந்தால் அவரையும் அவர் மகனையும் காரில் அழைத்துப் போகிறேன். பொறுப்பாளரிடம் நான் பேசுவது இருவருக்கும் சேர்த்துத்தான். நேரான கட்டைகள் அவருக்கு. கவையும் முண்டும் முடிச்சும் எனக்கு. நான் அறுத்துக் கழித்த மூலைகளும் நடுப்பலகையும் காய்ந்த பின் அவர் அடுப்புக்குப் போகின்றன. அவர் மரத்தை நெருப்பின் வழியாக அறிந்தவர். செம்மயிற்கொன்றை புகையும், தணல் நிற்காது. புளிய மரத்தின் தணலில் இரண்டாம் ஈடு இட்லியும் வெந்துவிடும். வேம்பின் புகை மாவில் கசப்பு ஏற்றும் என்று அவர் நம்புகிறார். நான் மறுத்துப் பேசவில்லை. தணல் நிற்கும் மரம் என்று அவர் சொல்பவை பெரும்பாலும் என் உளியை விரைவில் மழுங்கச் செய்யும் மரங்களாகவே இருக்கின்றன.

உளுவுக்கும் அவருடைய அடுப்பிலேயே தீர்வு கிடைத்தது. வெளிற்றில் உள்ள மாவுச்சத்துக்காகத்தான் அந்த வண்டு வருகிறது. கிண்ணத்தில் வெளிறும் வைரமும் சேர்ந்து நிற்கும் அழகை விட எனக்கு மனமில்லை. முதல் கடைசல் முடிந்த கிண்ணங்களை, அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் கொதிக்கவைத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் அழியும், காயும்போது வெடிப்பும் குறையும். காலை வியாபாரம் பத்தரைக்கு முடிகிறது. தணல் அதற்குப் பிறகும் நிற்கும். குளியலுக்கு வைத்திருந்த பழைய அண்டாவை ஏற்றி, என் கிண்ணங்களை அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைப்பார். பலாவைப் போட்டால் தண்ணீர் மஞ்சள் கரைத்ததுபோல ஆகிவிடும். பர்மாவில் புத்தத் துறவிகளின் துவராடைக்குச் சாயம் ஏற்றியது இந்தப் பலாவின் வைரத்தில்தான் என்று சொன்னபோது, அவர் ஒரு பழைய துண்டை அதில் நனைத்துப் பார்த்தார். வெளிர் மஞ்சளாகப் பிடித்தது.

ஆனால் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். சென்ற ஜூலையில் ஃப்ரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, அனுமதி பெற்று அங்கிருந்த பலா மரத்தையும் எடுத்தார்கள். உரிமையாளர் எங்கள் இருவரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கவையே இல்லாத நேரான அடிமரம். உள்ளே பொன் மஞ்சள். தஞ்சாவூரில் வீணைக்கு எடுக்கும் மரம் அடுப்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஏற்பாட்டின்படி அது அவருடையது. கேட்டேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்கு ஒரு மாத விறகு கண்ணு" என்றார். விறகுக் கடை விலைக்கு எடைபோட்டுப் பணம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். பணம் கொடுத்ததால் நான் செய்தது சரி என்று ஒரு நாள் தோன்றுகிறது. பணத்தைக் காட்டி அவரை மறுக்க முடியாத இடத்தில் நிறுத்திவிட்டேன் என்று மறுநாள் தோன்றுகிறது. காய்ந்த விறகைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் தூக்கிவர ஆட்டோ வாடகையையும் சேர்த்து நான் கொடுத்தேனா என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

அந்தப் பலாவில் எட்டுக் கிண்ணங்கள் முதல் கடைசல் முடிந்து அலமாரியில் இருக்கின்றன. ஒன்றை அக்காவுக்கு உப்பு மரவையாகக் கடையலாம் என்று நினைத்துச் சொன்னேன். "உப்புக்கு வேண்டாம், மாவு அள்ள ஒரு கிண்ணம் கொடு. கைப்பிடி இருக்க வேண்டும்" என்றார். கைப்பிடி வைத்துக் கடைய முடியாது. சுழலும் எந்திரத்தில் வட்டம் மட்டும்தான் வரும். விளிம்பைச் சுற்றிலும் தடிமனாக விட்டு, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடியாக மிஞ்சும்படி பிறகு கை உளியால் செதுக்க வேண்டும். அதற்கு ஐந்தாம் கிண்ணம் தோதாக இருக்கிறது, விளிம்பின் ஒரு பக்கத்தில் சிறு முண்டு இருக்கிறது. மாவுக்குப் புழங்குவது என்பதால் அதைக் கொதிக்கவைக்க மட்டுமே செய்தேன், மருந்து எதுவும் தடவவில்லை.

நேற்று இரவு எட்டையும் எடை பார்த்தேன். ஏழு கிண்ணங்கள் இரண்டு கிராமுக்கு மேல் அசையவில்லை. ஐந்தாவது மட்டும் இந்த வாரம் 9 கிராம் குறைந்திருக்கிறது; முண்டுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. செப்டம்பர் மழை தொடங்கிவிட்டதால் ஜன்னலைச் சாத்தி, அதைக் கவிழ்த்து மேல் அடுக்கில் வைத்திருக்கிறேன்.